ஒன்றரைப் பவுண் லைன்

மார்ச் மாதத்தில் ஒரு காலை ஹெர் மோசர் கடைக்குள் வந்து, ஸ்பே றொட் என்ற தன் புதிய தூண்டில் கோலை உறையோடு கவுண்டரில் வைத்தார். இடது கையால் வைத்தார். வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை.

"நான் கனடாவுக்குப் போகேல்லை. மச்சானுக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லப் போறன்," என்றார். "பிழை உங்களில இல்லை. நீங்கள் நல்லாத்தான் சொல்லித் தந்தீங்கள். என்ர கைதான் சரியில்லை."

பிழை முழுவதும் என்னுடையது. அதை அவர் சாகும்வரை நான் அவரிடம் சொல்லவில்லை. (சுவிஸ்காரர் பேசியதையெல்லாம் எங்கள் தமிழிலேயே தருகிறேன். பெர்ன் ஜெர்மனை எழுத எனக்கு இன்னும் வராது.)

1. தராசு

தொண்ணூறுகளில் நான் இன்டர்லாக்கனில் ஒரு தூண்டில் சாமான் கடையில் வேலை பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் கணித வாத்தியார். இங்கே வந்து ஹோட்டல் குசினியில் மீன் வெட்டினேன். கடை முதலாளி பவுமன் என்னை எடுத்தது கணிதத்துக்காக அல்ல, மீனைக் கண்டு அருவருக்காத ஆள் வேண்டும் என்பதற்காக.

முதல் நாள் அவர் கவுண்டரில் இருந்த சின்னத் தராசைத் தொட்டுக் காட்டி நீளமாக ஏதோ விளக்கினார். முடிவில், "விளங்கிச்சுதோ?" என்று கேட்டார்.

"யா, யா," என்றேன்.

ஜெர்மனில் 'ஓம், ஓம்' என்ற அந்த 'யா, யா' அன்றைக்கு அகதியாக வந்த எங்கள் எல்லோரிடமும் இருந்தது. விசா யன்னலில் நிற்கும்போது, விளங்கவில்லை என்று சொன்னால் ஃபைல் அடுக்கின் அடிக்குப் போய்விடும் என்று பயந்து, எதற்கும் தலையாட்டப் பழகியிருந்தோம். பயம் போன பிறகும் தலையாட்டல் போகவில்லை.

தராசு புழு நிறுக்கத்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். தூண்டில் கயிறு, அதாவது லைன், விற்பது முதலாளியின் வேலை, புழுவும் தூண்டில் முள்ளும் என் வேலை. ஒன்றரை வருடம் அந்தத் தராசில் புழுக்களை மிகத் துல்லியமாக நிறுத்தேன்.

2. ஏழும் ஏழும்

பவுமன் முழங்கால் ஒப்பரேஷனுக்குப் போன கிழமைதான் மோசர் முதன்முதலில் வந்தார். மலைப்பாதையில் முப்பது வருடமாகப் போஸ்ட் பஸ் ஓட்டுபவர். கனடாவில் இருக்கும் மச்சான் ஏப்ரலில் ஸ்டீல்ஹெட் பிடிக்க வரச்சொல்லியிருந்தார். ஸ்டீல்ஹெட் என்பது கடலுக்குப் போய் வளர்ந்து ஆற்றுக்குத் திரும்பி வரும் ரெயின்போ ட்ரவுட். பெரிய ஆறு, பெரிய மீன். அதற்கு இரண்டு கையாலும் பிடித்து வீசும் ஸ்பே றொட் வேண்டும்.

"தோள் தேஞ்சு போச்சு எண்டு டொக்டர் சொல்லுறார்," என்றார் மோசர். "இந்த வருஷம் போகாட்டி இனி இல்லை. பாரமில்லாத றொட்டாத் தாங்கோ."

றொட்டை நான் சரியாகவே தேர்ந்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான். நோர்வே சால்மனுக்கென்று கடையில் இருந்த பதினைந்தடி பத்தாம் நம்பர் றொட்டுகள் அவர் தோளைக் கழற்றியிருக்கும். பன்னிரண்டரை அடியில் ஏழாம் நம்பர் ஒன்று மூலையில் கிடந்தது. நாலைந்து கிலோ மீனுக்கு அது போதும்.

பிறகு லைன். றொட்டில் ஏழு என்று எழுதியிருந்தது. தட்டில் ஏழு என்று எழுதிய லைன் இருந்தது. ஏழும் ஏழும் சமம். கணித வாத்தியாருக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இருந்தது. அந்த லைனின் ஏழு, ஒரு கையால் வீசும் சின்ன றொட்டுக்கான ஏழு. ஸ்பே றொட்டின் ஏழுக்கு அதைப் போல இரண்டரை மடங்கு பாரம் வேண்டும். லைனின் பாரம்தான் றொட்டை வளைக்கும். வளைந்த றொட் நிமிரும்போதுதான் லைன் பறக்கும். பாரம் இல்லாவிட்டால் மனிதன் தன் தோளால் தள்ள வேண்டியதுதான்.

அடுத்த கிழமை மோசர் வந்தார். "வீசினால் காலடியிலேயே விழுகுது. லைன் சரிதானே?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், பவுமனுக்குப் போன் எடுத்திருக்கலாம். நான் சொன்னது: "லைன் சரி. கைதான் பழக வேணும். நாளுக்கு நூறு தரம் வீசுங்கோ."

அவர் சுவிஸ்காரர். நூறு என்றால் நூறு. வேலைக்குப் போகுமுன் தினமும் பிரியன்ஸ் ஏரிக்கரையில் பனிக்குள் நின்று நூறு தரம் வீசினார். மறுபடி வந்து முறையிட்டபோது, "நூற்றைம்பது," என்றேன்.

3. புவனத்தின் கை

றொட்டை அவர் திருப்பி வைத்துவிட்டுப் போன அன்று எனக்கு லைனில்தான் சந்தேகம் வந்தது. மோசரின் லைனையும் பவுமன் தன் ஏழாம் நம்பர் ஸ்பே றொட்டுக்கு வைத்திருந்த லைனையும் வீட்டுக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் வளையமாகச் சுற்றியிருந்தன. நிறம்தான் வேறு.

என் மனைவி புவனம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "இஞ்சாருங்கோ, அதென்ன கயிறு? முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாக்கிறியள்."

சொன்னேன். கையைத் துடைத்துவிட்டு ஒரு கையில் ஒன்றாக இரண்டையும் தூக்கினாள்.

"இது ஒண்டரைப் பவுண்," என்றாள். "இது நாலுக்குக் கொஞ்சம் குறைவு. ரெண்டும் ஒண்டெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ரெண்டிலயும் ஏழு எண்டு எழுதியிருக்கு."

"எழுதியிருக்கிறதைப் பாத்தோ நகை வாங்கிறது? கடைக்காரன் ஆயிரம் எழுதுவான். கையில வைச்சுப் பாக்கிறேல்லையோ?"

எங்கள் பெண்கள் தாலிக்கொடியைக் கையில் வாங்கியதுமே பவுண் சொல்லிவிடுவார்கள். மறுநாள் காலை இரண்டு லைனையும் புழுத் தராசில் வைத்தேன். பன்னிரண்டு கிராம். முப்பது கிராம். பவுணுக்கு எட்டுக் கிராம், எட்டால் பிரித்துப் பார்த்தேன். ஒன்றரைப் பவுண், நாலுக்குக் கொஞ்சம் குறைவு. முதல் நாள் பவுமன் அவ்வளவு நேரமும் என்ன விளக்கினார் என்று அப்போதுதான் விளங்கியது.

4. மூன்றாவது பொய்

மோசரைக் கூப்பிட்டேன். உண்மையைச் சொல்லும் உத்தேசத்தோடுதான் கூப்பிட்டேன். அவர் முகத்தைக் கண்டதும் வாய் தன்பாட்டில் பேசியது.

"இவ்வளவு நாளும் வீசினது பயிற்சி லைன், ஹெர் மோசர். உங்கட கை இப்ப பழகிட்டுது. இனி உண்மையான லைனுக்கு மாறலாம்."

அவர் புதிய லைனைக் கையில் வாங்கினார். "அதை முதலே சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் ஒழுங்காப் பழகமாட்டியள்."

ஆரே ஆற்றங்கரைக்குப் போனோம். பவுமனின் லைனை மாட்டி, தோளைத் தூக்காமல் மெல்ல ஒருமுறை அசைத்தார். றொட் வளைந்தது. லைன் முக்கால்வாசி ஆற்றைத் தாண்டிப் போய் நேராக விழுந்தது. மோசர் றொட்டைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், பிறகு தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார்.

மே மாதம் கனடாவிலிருந்து படம் வந்தது. வெள்ளி நிற மீனை இரண்டு கையாலும் தாங்கியபடி நிற்கிறார். பின்புறத்தில், "நூற்றைம்பதுக்கு நன்றி" என்று எழுதியிருந்தது.

5. தமிழ் முறை

அந்த இலையுதிர்காலத்தில் மீன்பிடிச் சங்கத்து ஆட்கள் நாலு பேர் கடைக்கு வந்து, ஸ்பே றொட்டுக்கு ஒரு கையால் வீசும் றொட்டின் லைனைக் கேட்டார்கள். பவுமன் ஊன்றுகோலோடு எழுந்து வந்தார்.

"அது பறக்காதே."

"தெரியும். ஆறு கிழமை அதில பழகிப்போட்டு மாத்திறது. தமிழ் முறை. மோசர் சொல்லித் தந்தவர்."

பவுமன் என் பக்கம் திரும்பினார். நான் புழுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போன பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "மோசரிட்டச் சொல்லிப்போடு. இல்லாட்டி உனக்குத்தான் கரைச்சல்," என்றார்.

"யா, யா," என்றேன்.

இரண்டு வருடம் கழித்து மோசருக்குத் தோளில் ஒப்பரேஷன் நடந்தது. திராட்சைப் பழத்தோடு பார்க்கப் போனேன். "முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடிச்ச வினை," என்றார். தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குத்தான் இன்றுவரை வெட்கப்படுகிறேன். அவர் போன வருடம் காலமானார்.

ஸ்பே றொட் விற்கிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் நான் சொல்லக்கூடியது சிறியது. நம்பரைப் பார்த்து லைன் எடுக்க வேண்டாம், நிறுத்துப் பாருங்கள். வீசுகிறவர் 'பறக்கவில்லை' என்றால், அவர் கையைக் குறை சொல்லுமுன் நீங்கள் கொடுத்த லைனை எடுத்துத் தராசில் வையுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று அன்றைக்கே சொல்லுங்கள். பிந்தினால் எவரும் நம்பமாட்டார்கள்.

போன குளிர்காலத்தில் பிரியன்ஸ் ஏரிக்கரையில் நடந்துபோனேன். இரண்டு பேர் ஸ்பே றொட்டில் மெல்லிய லைனைப் பூட்டி வியர்க்க வியர்க்க வீசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் போய், இந்த லைன் பிழை, தோள் போய்விடும், இதைத் தொடக்கியவனே நான்தான், தெரியாமல் செய்த பிழை என்று ஒன்றும் விடாமல் சொன்னேன்.

ஒருவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"அப்பிடியில்லை ஐயா. இது தமிழ் முறை. உங்கட ஆக்கள்தான் கண்டுபிடிச்சது. நீங்கள் கேள்விப்படேல்லைப் போல."