கண்ணீர் அஞ்சலி ஏறிய நேரம்

அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். கோணல்மாணலாகத்தான் எழுத வரும், இடையில் மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் வடக்கனந்தல் பக்கம். கோயில் திருவிழாவுக்காக என் மகள் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் செய்து கொடுத்திருந்தாள். அதில் படம் ஏற்றும் பாஸ்வேர்டு என் மகனிடமும், என் கொழுந்தனார் மகனிடமும் மட்டும் இருந்தது. திருவிழாவுக்கு முதல் நாள், சாமி படம் இருந்த இடத்தில் கொழுந்தனார் படம் வந்துவிட்டது. மாலை போட்டு, மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. மனிதர் உயிரோடு இருக்கிறார்.

அன்று மத்தியானம் சோற்றில் கை வைத்திருந்தோம். கதவை உதைத்துக்கொண்டு கொடுவாளோடு வந்தார். அவர் மகன் பின்னால் நின்றான்.

“நான் உசுரோட இருக்க சொல்லவே மாலையாடா? இன்னா, என் கருமாதிச் சோறு இப்பவே துன்னுக்கினு இருக்கியா?”

என் மகனின் முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினார். ரத்தம் சுவரோடு வழிந்தது. நான் குறுக்கே போனேன், தள்ளிவிட்டார்.

“நிறுத்துங்க சித்தப்பா! எப்ப ஏத்துனாங்கன்னு காட்டறேன்,” என்று மகள் லேப்டாப்பைத் திறந்து, பிஎச்பி என்ற மொழியில் ஒரு வரி அடித்தாள். அந்தப் பட ஃபைல் கடைசியாக மாறிய நேரத்தை அது சொல்லுமாம். காலை ஆறு மணி என்று வந்தது.

“ஆறு மணிக்கு எங்கடா இருந்த?”

“வூட்லதான், சித்தப்பா.”

கொடுவாளின் மொட்டைப் பக்கத்தால் அவன் கையில் போட்டார். மரவள்ளிக் குச்சியை ஒடித்த மாதிரி கேட்டது. அடுத்த அடிக்கு வெட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

“ஐயோ, அது நம்ம ஊரு மணிக் கணக்கு இல்ல!” மகள் கத்தினாள். “படத்த வச்சிருக்கற மெஷின் சீமையில இருக்குது. நம்ம மணிக்கு அஞ்சரை மணி நேரம் கூட்டணும். பதினொண்ணரை!”

அந்த நேரத்தில் என் மகன் போனைக்கூட வீட்டில் போட்டுவிட்டு, கொழுந்தனாரோடுதான் லாரியில் கிழங்கு ஏற்றிக்கொண்டிருந்தான். ஓங்கிய கை நின்றது. மெல்லத் திரும்பித் தன் மகனைப் பார்த்தார். அவன் ஓடினான். வாசல் தாண்டுமுன் தோளில் வெட்டு விழுந்தது.

“நான் இல்லப்பா! சத்தியமா நான் இல்லப்பா!”

பிழைத்துக்கொண்டான். தையல் பிரித்த அன்று மலைமேல் கரியாலூர் போகும் பஸ் ஏறியவன், திரும்பவே இல்லை.

இப்போது மகள் வேறு மாதிரி சொல்கிறாள். மெஷின்காரர்கள் படங்களை வேறு மெஷினுக்கு மாற்றிவைத்தாலும், சில சமயம் அந்த நேரம் மாறிவிடுமாம். அப்படியென்றால் படம் பதினொன்றரைக்கு முன்னாலேயே, என் மகன் வீட்டில் இருந்தபோதேகூட ஏறியிருக்கலாம். என் மகனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது, நான் எழுதியதைச் சரிபார்த்து, நேரம் அப்படி மாறுவது நிஜந்தானா என்று சொல்லுங்கள்.