துரையின் பதக்கமும் மாசிப் பஞ்சமியும்

கன்னடம் பேசும் இந்த ஊரில், விஜயநகர் பூங்காவில் காலை நடைக்கு வருகிற தமிழர்கள் நாங்கள் ஒன்பது பேர். நடந்து முடித்ததும் இரண்டு பெஞ்சுகளில் உட்கார்ந்துகொள்வோம். முறை வைத்து ஒருவர் பேச வேண்டும். என் முறை வந்தபோது, பர்மாப் போரில் படை நடத்திய ஒரு வெள்ளைக்கார ஜெனரலைப் பற்றிப் பேசினேன். அவர் வாழ்க்கை வரலாற்றை இரண்டு முறை படித்திருந்தேன். முப்பத்தாறு வருட உத்தியோகம், பதினான்கு ஊர்கள், எட்டுப் பதவி உயர்வுகள், பதினோரு பதக்கங்கள். புள்ளிவிவரத் துறையில் இருந்தவன் நான். எண் இல்லாமல் எனக்குப் பேச்சு வராது.

“துரை எத்தனை தடவை தும்மினாருன்னும் எண்ணி வெச்சிருப்பீங்களே சார்,” என்றார் ஒருவர். சிரித்தார்கள்.

சிரிக்காதவர் ஒருவர்தான். ஹனூர்ப் பக்கத்து விவசாயி. இங்கே மகன் வீட்டில் இருக்கிறார். வயது எண்பத்து மூன்று.

“எங்கப்பாரு அந்தத் துரை பட்டாளத்துலதானுங்க இருந்தாரு. பர்மாவுல செத்துட்டாருன்னு காயிதம் வந்தப்ப நான் கைக்கொழந்தை. எந்த நாளுன்னு தெரியாமயே போச்சு. மாளய அமாவாசைக்கு எல்லாருத்துக்கும் சேத்து எள்ளுந் தண்ணியும் விடறதோட சரி. உங்க புஸ்தகத்துல அந்த நாளு இருக்குங்களா?”

இல்லை. இறந்த சிப்பாய்களுக்கு அதில் மொத்தமே ஒன்றரை வரி. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எட்டுப் பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துரைக்குப் பெரிய பதக்கம் வாங்கிக் கொடுத்த சண்டையின் தேதி எனக்கு மனப்பாடம். அதைச் சொன்னேன். “அன்னைக்குத்தான்,” என்று அழுத்தியும் சொன்னேன்.

அவர் அந்தத் தேதியைப் புரோகிதரிடம் கொண்டுபோனார். புரோகிதர் செல்போனில் பழைய பஞ்சாங்கம் பார்த்து, மாசித் தேய்பிறைப் பஞ்சமி என்று திதி குறித்தார். நான்கு மாதம் கழித்து அந்தத் திதி வந்ததும், பெரியவர் ஸ்ரீரங்கப்பட்டணத்து ஆற்றில் திதி கொடுத்துவிட்டு, என்னைச் சாப்பிட அழைத்தார்.

உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். வழியில் அந்த வாக்கியத்தை ஆறு விதமாக அமைத்துப் பார்த்தேன்.

“வாங்க சார். எம்பத்திரண்டு வருசத்துல இன்னைக்குத்தானுங்க எங்கப்பாருக்குன்னு தனியா ஒரு எலை,” என்றார், வாசலிலேயே.

ஆறு வாக்கியமும் போயிற்று. ஏழு வகைப் பதார்த்தம். சாப்பிட்டேன். பாயசம் இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன்.

கை கழுவி வந்ததும் மகனிடம் நோட்டும் பேனாவும் கொண்டுவரச் சொன்னார். “எனக்கப்பறம் இவன் செய்யோணுமுங்க. தமிழ் படிக்க வராது இவனுக்கு. தேதி, திதி ரெண்டையும் கன்னடத்துலயே எழுதிக் குடுத்துருங்க. நீங்க எழுதுனா தப்பு வராது.”

எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். கீழே, அலுவலகப் பழக்கத்தில், புத்தகத்தின் பக்க எண்ணையும் ஆதாரமாகப் போட்டேன்.

அதன் பிறகு பூங்காவுக்குப் போகவில்லை. எட்டுப் பேரிடமும் முழங்கால் வலி என்று சொல்லியிருக்கிறேன்.