பக்கத்துக் கட்டிலில் கங்காணி

வயிற்று வலியென்று துடித்த அண்ணியை ஹேவாஹெட்டையிலிருந்து கண்டிக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஆண்களும் பெண்களும் அடுத்தடுத்த கட்டில்களில் கிடந்தார்கள்.

"வேற ஏதும் இருக்கா?" என்றார் டாக்டர்.

"இல்லீங்க, வலி மட்டுந்தான்" என்றார் அண்ணி.

நானும் அவசரக்குடுக்கையாக, "நேத்து சாப்பாடு ஒத்துக்கல போல" என்றேன். டாக்டர் ஊசி எழுதிவிட்டு நகர்ந்தார்.

அண்ணியின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. போர்வையைச் சரிசெய்யத் தூக்கினேன். விரிப்பெல்லாம் இரத்தம்.

"ஏன் அண்ணி சொல்லல?"

"பக்கத்துல நம்ம தோட்டத்துக் கங்காணி படுத்திருக்காரு. நாளைக்கு மலையில கொழுந்து பறிக்கையில அவரு முகத்துல எப்படி முழிக்கிறது?"

அந்த மனிதரும் பாவம், சுவர்ப்பக்கம் திரும்பித்தான் கிடந்தார்.

ஓடிப்போய்த் தாதியை அழைத்து வந்தேன். பெண்கள் வார்டுக்கு மாற்றிய பிறகுதான், இரண்டு மாதம் தள்ளிப்போயிருந்ததை அண்ணி வாய் திறந்து சொன்னார். கரு கலைந்திருந்தது. இரத்தம் ஏற்றி உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள்.

இப்போது ஆஸ்பத்திரிக்கு யாரைக் கூட்டிப்போனாலும், டாக்டர் வாய் திறக்குமுன் மறைப்புத் திரை கேட்கிறேன். இல்லையென்றால் என் சால்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கை வலித்தாலும் இறக்குவதில்லை.