பிலோமினா கேட்ட வரம்

தொண்ணூற்றெட்டு ஆவணி. ஊரெல்லாம் ஓணத்துக்குப் பூக்கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருக்கு மூத்திரம் நின்றுபோனது.

செங்கல் என்ற ஊரில் இருந்து தங்கம் என்கிற நான் சொல்கிறேன், அடியார்களே. அவர் ஆரியங்கோட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். சர்க்கரை உண்டு. நெஞ்சு வலிக்கு ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொன்னபோது பயந்தார். "ஒரு சோதனைதானே, வாங்க" என்று கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனவள் நான்தான். படத்தில் இரத்தக்குழாய் தெரிவதற்காக ஏற்றிய மருந்து அவருடைய சிறுநீரகத்தைத் தாக்கிவிட்டது. முகமும் காலும் வீங்கின. டயாலிசிஸ் செய்தார்கள்.

நானே கொன்றுவிட்டேனே என்று வராந்தாவில் இருந்து அழுதேன். சிவனே என்று கூப்பிடக்கூட நாக்கு எழவில்லை.

பக்கத்துக் கட்டிலில் பொழியூர் லாசர். கடலுக்குப் போகிறவர். இரண்டு சிறுநீரகமும் முன்பே சுருங்கிவிட்டன. அவர் மனைவி பிலோமினா ஜெபமாலையோடு என்னருகே வந்தாள்.

"கரையாண்டாம் அக்கா, அழாண்டாம். மாதாகிட்ட அண்ணனுக்கும் சேத்தாக்கும் கேக்கேன்."

"உனக்கே இவ்வளவு சங்கடம். எனக்கும் எதுக்குக் கேக்க?"

"ஒருத்தருக்குக் கேட்டாலும் ரெண்டு பேருக்குக் கேட்டாலும் முழங்கால்ல நின்னா முட்டு ஒண்ணுபோலத்தானே நோவும்?"

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. சிவனே, இந்த இரண்டு பேரையும் பாரும் என்றேன்.

என் வீட்டுக்காரரின் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக்குழாய் அடைத்திருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். அந்த மருந்தை மறுபடி ஏற்ற முடியாது. அதனால் மருந்தில்லாமலே எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். உள்ளே இயந்திரம் இடிக்க, வெளியே நாங்கள் இருவரும் கைபிடித்து நின்றோம். அடைப்பு இல்லை, இரத்தம் ஓடுகிறது, காத்திருக்கலாம் என்றார் டாக்டர்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்காரருடைய பாட்டிலின் அடியில் கொஞ்சம் மூத்திரம். கைகூப்பி அழுதேன். பிலோமினாவும் சிரித்துக்கொண்டே அழுதாள்.

மறுநாள் காலையில் லாசர் இறந்துபோனார்.

உடலை வண்டியில் ஏற்றியபிறகு அவள் என்னிடம் திரும்பி வந்தாள். "அண்ணனுக்கு உப்பு கொறச்சுக் குடுக்கணும், கேட்டியளா?" அவ்வளவுதான் சொன்னாள்.

என் வேண்டுதலை இறைவன் கேட்டார். லாசருக்காகக் கேட்டதை ஏன் கேட்கவில்லை? தெரியாது. அவள் கேட்டதில் பாதி என் வீட்டில் நடமாடுகிறது. அது மட்டும் தெரியும். அவர் இப்போது மறுபடியும் ரப்பர் வெட்டப் போகிறார். மாதம் ஒருமுறை நாங்கள் இருவரும் பொழியூருக்குப் போய் அவளைப் பார்த்து வருகிறோம்.

துன்பத்தில் நாக்கு எழாமல் இருப்பவர்களே, நம்பிக் கேளுங்கள். உங்களுக்கு மட்டும் கேட்காதீர்கள். பக்கத்தில் அழுகிறவருக்கும் சேர்த்துக் கேளுங்கள்.