நடுத்துண்டு

அடுத்தவன் குடலைப் பார்த்துப் பொறாமைப்பட்ட முட்டாள் இந்தக் குடாநாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எல்லாம் ஒரு மீன் துண்டில் தொடங்கியது. பண்டத்தரிப்பில் மாமியார் வீட்டில் விளைமீன் குழம்பு வைத்தால், சதைப்பிடிப்பான நடுத்துண்டு சகலனுக்குப் போகும், வால் எனக்கு. சகலன் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். பல வருடங்களாக வயிற்றுக்குத்து, கழிச்சல்; ஆள் முருங்கைக்காயாய் மெலிந்திருந்தார். "வருத்தக்காரன் சாப்பிடட்டும்" என்பார் மாமி; எங்கள் பக்கத்தில் நோய்க்கு வருத்தம் என்றுதான் பேர். நானோ கல்லைத் தின்றாலும் செரிக்கிற பிறவி. செரிக்கிறவனுக்கு யார் நடுத்துண்டு வைப்பார்கள்? மனுசன் நடிக்கிறார் என்று மனைவியிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

வாயால் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கீழாலும் விட்டுப் பார்த்தார்கள். இரண்டுக்கும் எட்டாத சிறுகுடலின் நடுவில்தான், குடலைப் புண்ணாக்கும் குரோன் நோய் ஒளிந்திருக்க வேண்டும் என்று கொழும்பு டொக்டர் சந்தேகப்பட்டார். அதற்கென்று மருந்துக் குளிசை அளவில் ஒரு கமரா இருக்கிறதாம். விழுங்கினால் குடல் வழியே படம் பிடித்துக்கொண்டு போகும். இடுப்பில் கட்டிய பட்டியில் படங்கள் பதியும். ஆனால் புண்ணால் குடல் ஒடுங்கியிருந்தால் கமரா சிக்கிவிடும். பிறகு வயிற்றை வெட்டித்தான் எடுக்க நேரலாம். ஆகவே முதலில் வெள்ளோட்டமாக, சிக்கினாலும் தானே கரைந்துவிடும் ஒரு குளிசை. அது முழுசாக வெளியே வந்தால்தான் கமரா.

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் தங்கியிருந்த வீட்டில் சகலன் மலசலகூடத்துக்குள் போகும்போதெல்லாம் நாங்கள் கதவைப் பார்த்தபடி இருந்தோம். மாமி மருதனார்மடம் ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ந்தார். என் வயிற்றுக்காக இதுவரை யாரும் ஒற்றை வடைகூட நேர்ந்ததில்லை. குளிசை முழுசாக வந்தது. மனைவியின் அக்கா சுவரில் சாய்ந்து அழுதார்.

கமரா விழுங்கும் நாளில் மாமி அவர் நெற்றியில் திருநீறு பூசினார். "படம் பிடிக்கேக்கை பிள்ளை வெறும் நெத்தியோடை நிக்கிறதே?" என்றார். படம் உள்ளுக்குள் அல்லவா பிடிக்கிறோம் என்று தமிழ் நர்ஸ் பொறுமையாக விளக்கினார். மாமி கொஞ்சம் யோசித்தார். "அப்ப வாயிலையும் கொஞ்சம் போட்டுவிடட்டே?" நர்ஸ் பாய்ந்து கையைப் பிடித்திருக்காவிட்டால், சகலனின் குடலுக்குள் முதலில் தெரிந்திருப்பது சிவப்பழமாகத்தான் இருந்திருக்கும். பட்டியைக் கட்டிக்கொண்டு அவர் வீதி உலா வரும் சாமியைப்போல நடந்தார். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனது நான்.

பிறகொரு நாள் டொக்டர் திரையில் காட்டினார். இளஞ்சிவப்பாய் ஒரு சுரங்கம். அதன் சுவரில் வழி நெடுக வெள்ளை வெள்ளையாய்ப் புண்கள். குரோன்தான், மருந்தைத் தொடங்கலாம் என்றார். எல்லோரும் திரையைப் பார்க்க, சகலன் மட்டும் என்னைப் பார்த்தார். நடிப்பு என்று நான் சொன்னது அவர் காதுக்கும் போயிருக்கிறது. அப்போதும் என் புத்தி, இந்த மனுசனின் நோவுக்குப் படம் போட்ட சாட்சி கிடைத்துவிட்டதே என்றுதான் எரிந்தது. ஊர் திரும்பி ஆஞ்சநேயருக்குச் சாத்திய நேர்த்திக்கடன் வடை அவருக்கு ஆகாது. ஆகவே நான் தின்றேன். கல்லைச் செரிக்கும் வயிறு அன்று வடைக்குத் தோற்றது. "ஓமத்தண்ணி குடியுங்கோ" என்று சொல்லிவிட்டு மனைவி அக்காவோடு கதைக்கப் போய்விட்டாள்.

இப்போது ஊசி மருந்தில் சகலன் நிமிர்ந்துவிட்டார். கன்னத்தில் சதைகூட வைத்திருக்கிறது. போன கிழமை மாமி வீட்டில் மறுபடி விளைமீன். நடுத்துண்டு வழக்கம்போல அவருக்கே போனது.

"இப்ப சுகந்தானே அண்ணை, இனி உந்த நடுத்துண்டை எனக்குத் தாங்கோவன்" என்றேன்.

அவர் துண்டை என் பக்கம் நகர்த்தினார்.

"வருத்தத்தோடை சேர்த்து எடும்."