பாதியில் நின்ற குழி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு நவம்பர் மாதம், லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் வீட்டில் நடந்தது இது. ஒரு வாயில்லாச் சீவனைச் சாகக் கிடக்க வைத்ததும், அதை மறைத்து மகளிடம் பொய் சொன்னதும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லப் போனால் எனக்குச் சாதகமாக எதையாவது சேர்த்துவிடுவேன்.

மனைவி போனபின் வீட்டில் நானும் மகளும்தான். அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது; கலியாணம் வேண்டாம் என்றிருந்துவிட்டாள். முன்னறை ஜன்னலோரம், அடியில் உருளும் சில்லு வைத்த உயரமான கூண்டில் ஒரு பெண் பச்சோந்தி வளர்த்தாள். அந்த வாரம் அது சாப்பாட்டை விட்டுவிட்டுக் கூண்டின் தரையில் அங்குமிங்கும் நடந்தது. மகள் பெரிய வாளியில் ஈரமணல் நிரப்பிக் கூண்டுக்குள் வைத்து, வெளியே போர்வையால் மூடினாள்.

"முட்டை போடப்போகுது அப்பா. குழி கிண்டேக்க ஆரும் பாத்தால் பயந்து விட்டுடும். பிறகு முட்டை உள்ளுக்குள்ளயே நிண்டு அது செத்துப்போம். எட்டிப் பாக்காதேங்கோ."

"ஆண் துணை இல்லாமல் முட்டையோ?"

"கோழி போடுறேல்லையே?"

மறுநாள் அவள் வேலை சம்பந்தமான பயிற்சிக்கு மூன்று நாள் மான்செஸ்டர் போக வேண்டும். நடு நாள் என் மனைவியின் திவசம். லீவு கிடைக்கவில்லை என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"தாயின்ர திவசத்துக்கு நிக்கேலாது. ஓணான்ர பிள்ளைப்பேறுக்கு மட்டும் வாளி, போர்வை எல்லாம் வந்திட்டுது" என்றேன்.

"அம்மா இருந்திருந்தால், போயிட்டு வா எண்டுதான் சொல்லியிருப்பா" என்றாள். விடிந்ததும் பெட்டியை இழுத்துக்கொண்டு போனாள்.

திவசத்தன்று காலை. ஐயர் வர ஒரு மணித்தியாலம் இருந்தது. மண்ணும் பூச்சியும் இருக்கிற அறையிலா படைப்பது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். உண்மையில் இருந்தது கோபம். துப்புரவு அதற்குக் கிடைத்த சாட்டு. போர்வையை நீக்கினேன்.

வாளி மணலில் ஒரு குழி. தலையும் முன்கைகளும் அதற்குள் போயிருக்க, பின்னுடம்பும் வாலும் மட்டும் வெளியே தெரிந்தன. மெல்லப் பின்வாங்கி வெளியே வந்தது. முகமெல்லாம் மணல். ஒரு கண் குழியிலேயே இருக்க, மற்றக் கண் மட்டும் சுழன்று என்னில் வந்து நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே அதன் பச்சை கறுத்தது.

அதைத் தூக்கிக் கிளையில் விட்டுவிட்டு, வாளியைக் கொண்டுபோய்ப் பின்வளவில் கவிழ்த்தேன். கூண்டைக் கீழ்க் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

ஐயர் மந்திரம் தொடங்கிச் சிறிது நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. கூண்டின் பிளாஸ்டிக் தரையில் நகம் சுரண்டும் சத்தம். சுரண்டும், நிற்கும், திரும்பவும் சுரண்டும்.

ஐயர் நிறுத்தி, "வீட்டில எலியோ?" என்றார்.

"ஓம் ஐயா, லண்டன் எலி. ஆருக்கும் பயமில்லை."

அவர் சிரித்தார். நான் மனைவியின் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டேன். பிண்டம் வைக்கும்போது சுரண்டல் நின்றுபோனது. அது நின்றதும்தான் நான் குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

பின்னேரம் மணலை அள்ளி வாளியில் போட்டு, கூண்டைப் பழைய இடத்தில் வைத்தேன். பச்சோந்தி வாளிப் பக்கமே போகவில்லை. மறுநாள் மகள் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கிண்டினதோ அப்பா?"

"இல்லைப் பிள்ளை."

"அப்ப இன்னும் நாள் இருக்கு."

என் சொல்லை நம்பி அவள் இரண்டு நாள் காத்திருந்தாள். பச்சோந்தி கூண்டின் அடியில் கரிக்கட்டை மாதிரிக் கிடந்தது. பகலிலேயே கண்களை மூடியிருந்தது. ஆனால் நான் அறையைக் கடக்கும்போது, மூடிய இமைக்குள் அந்தக் கண் என் பக்கம் திரும்புவதைக் கண்டேன். ஒருமுறை அல்ல, ஒவ்வொரு முறையும்.

மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். எக்ஸ்ரேயில் வயிறு முழுக்க முட்டை, திராட்சைக் குலைபோல. வைத்தியர், குழி தோண்டத் தொடங்கிப் பாதியில் விட்டதா என்று கேட்டார். தொடங்கவே இல்லையென்றால் பொறுக்கலாம். தொடங்கி நின்றிருந்தால் ஏற்கெனவே பிந்திவிட்டது என்றார். மகள் பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"தொடங்கினது. நான்தான் குழப்பினனான். மண்ணையும் கொண்டுபோய்க் கொட்டினனான்" என்று அவளிடம் தமிழில் சொன்னேன். பிறகு வைத்தியருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். மகள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வைத்தியர் கல்சியமும் நீரும் ஊசியால் ஏற்றினார். இந்தப் பலவீனத்தில் சத்திரசிகிச்சையைத் தாங்காமல் போகலாம், நாளை மாலைவரை தானாகப் போடுகிறதா பாருங்கள் என்றார்.

காரில் வரும்போது மகள் கேட்டாள்: "ஏனப்பா ரெண்டு நாள் சொல்லேல்லை?"

"உனக்கு முன்னால சின்னவனாப் போயிடுவன் எண்டு."

"இப்ப?" என்றாள்.

அன்று புதுமணலை நானே கழுவி, கையில் பிடித்தால் பிடியாக நிற்கும் பதத்துக்கு நனைத்து வாளியை நிரப்பினேன். மறுநாள் அவளுக்கு வேலை. நான் முன்னறைக் கதவுக்கு வெளியே, வீட்டு நடைவழியில் கதிரை போட்டுக் காவல் இருந்தேன். மத்தியானம்போல மணல் சரியும் சத்தம் கேட்டது. இன்னும் கேட்க ஆசைப்பட்டுக் கதவோடு காதை வைத்தேன். காலடியில் பலகை கிரீச்சிட்டது. உள்ளே சத்தம் நின்றது.

நான் மூச்சை அடக்கினேன். உள்ளேயும் அசைவில்லை. என் காது இருக்கும் இடத்தைக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அது பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்தது. என்னால் செய்யக்கூடிய உதவி ஒன்றுதான் என்பதும் அப்போதுதான் விளங்கியது. கோட்டை மாட்டிக்கொண்டு, வாசற்கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டு வெளியேறினேன். மழைத் தூறலில் பார்க்கைச் சுற்றிச் சுற்றி நாலு மணித்தியாலம் நடந்தேன்.

திரும்பியபோது மகள் லைட் போடாமல் நடைவழியில் நின்றாள்.

"உள்ள போகாதேங்கோ. போட்டு முடிச்சு, இப்ப குழியை மூடுது" என்றாள் மெதுவாக.

முப்பத்தெட்டு முட்டைகள். பச்சோந்தி பிழைத்து, இன்னும் இரண்டு வருடம் போல இருந்தது. மகள் கையிலிருந்து பூச்சி வாங்கித் தின்னும். நான் அறைக்குள் வந்தால் வாயை மூடிவிடும். மகளும், இப்போது நான் எதற்காவது "இல்லை" என்று சொன்னால், ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறாள். எழுபத்தாறு வயதில் அந்த ஒரு கணம் சுடத்தான் செய்கிறது, ஆனாலும் நான் மறைத்த இரண்டு நாளுக்கு அது அதிகமில்லை என்றே நினைக்கிறேன்.