அவர் எனக்குப் பாடிக் காட்டாத பாட்டு

என் கணவர் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை செய்துகொண்டே ஆங்கிலத்தில் கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டுகள் எழுதியவர். சனிக்கிழமைகளில் லண்டன் ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள பப்பில் கிற்றாரோடு பாடுவார். எனக்கு அன்றைக்கு எப்போதும் ஷிப்ட் இருந்ததால் ஒருநாளும் போய்க் கேட்டதில்லை.

போன வருடம் தொண்டைப் புற்றுநோய்க்குச் செய்த சத்திரசிகிச்சையில் அவருடைய குரல் போய்விட்டது. பப்பில் அவரோடு பாடிய நண்பர்கள், அவரைக் கௌரவிக்க அவருடைய பாட்டுகளை ஆளுக்கொன்றாகப் பாடி ஒரு அல்பம் வெளியிட்டார்கள்.

அது வந்த அன்று இருவரும் குசினியில் இருந்து கேட்டோம். ஐந்தாவது பாட்டை ஒரு பெண் பாடினாள். வேலை முடிந்து விறைத்துப்போய் வரும் மனைவியின் கைகளைத் தன் கழுத்தில் வைத்துச் சூடாக்கும் ஒருவனைப் பற்றிய பாட்டு. வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினேன்.

“இது என்னைப் பற்றினதோ?”

தலையாட்டினார்.

“ஏன் எனக்கு ஒருக்காலும் பாடிக் காட்டேல்லை?”

பக்கத்தில் கிடந்த கொப்பியில் எழுதிக் காட்டினார்: “வெக்கமாக் கிடந்தது.”

“இத்தனை வருசம் சேர்ந்திருந்தும் என்ன வெக்கம்? திரும்பப் போடுங்கோ.”

போட்டார். அந்தப் பெண் பாட, சத்தமில்லாமல் அவருடைய உதடுகளும் கூடவே அசைந்தன.